கடைசிப் பக்கத்தில் அவன் சிரிக்கிறான்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. அம்மா சொன்னதற்காகத்தான் எழுதுகிறேன். "போன்ல பேசுனா மூணாவது நிமிஷம் ரெண்டு பேரும் கத்துறீங்க. எழுதித் தொலைங்க, பேப்பர் சத்தம் போடாது" என்று சொல்லிவிட்டாள். பேப்பரிலும் என்னால் கத்த முடியும்.

உன் பதிப்பகத்தின் புது வெளியீடுகள் ஆறையும் படித்து முடித்தேன். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் "பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்கு" என்று போட்டிருக்கிறாய். இருமல் மருந்தா அது? அட்டை ஆறிலும் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். முகம் வரையத் தெரிந்த ஆள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லையா?

எண்ணிப் பார்த்தேன். நான்கு புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்துக்குள் அம்மா செத்துப்போகிறாள். ஐந்தில் மழை பெய்தால்தான் அழுகை வருகிறது. இரண்டில் கதாநாயகி கண்ணாடியைக் கழற்றியதும் அழகியாகிவிடுகிறாள். அதற்கப்புறம் அவள் எப்படி ரோட்டைக் கடக்கிறாள் என்று எழுதினவருக்கும் கவலையில்லை, சரிபார்த்த உனக்கும் கவலையில்லை. ஒருத்தி பழைய மிக்ஸி மோட்டாரை வைத்து ரோபோ செய்கிறாள், அது நூற்றெழுபதாம் பக்கத்தில் அழுகிறது. மிக்ஸி மோட்டார் அழாது அக்கா. சூடாகும், புகையும், நாறும். அவ்வளவுதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆறு புத்தகத்திலும் கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் எல்லோரையும் மன்னிக்கிறார்கள் பார், அதுதான் குமட்டுகிறது. ஷிப்ட் முடிந்து கைகழுவிவிட்டுக் கிளம்புகிற மாதிரி மன்னிக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இப்படி ஒரு சரக்கை விற்க உனக்குக் கூச்சமாக இல்லையா?

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. எங்கள் பாட்டில் ஆலையில் புதிதாக ஒரு கன்வேயர் போட்டிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் படுத்துக்கொள்கிறது, நான் அதன் அடியில் படுத்துக்கொள்கிறேன். அப்பா அந்த ரோபோ புத்தகத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதை நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாவதாக ஒரு கையெழுத்துப் பிரதியும், அதோடு ஏதோ படிவமும் வைத்திருக்கிறாய். திறக்கவில்லை. என் உடம்பு தாங்காது.

உன் தம்பி

(கவரில் 'ஸ்பேனர்' என்று எழுதாதே. தபால்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.)


பிப்ரவரி 11

என் அருமை ஸ்பேனருக்கு,

கவரின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன். தபால்காரருக்கு என் வணக்கம் சொல்.

உன் கடிதத்தை ஆபீசில் உரக்கப் படித்தேன். அட்டை வரைகிறவர் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. அடுத்த புத்தகத்தில் பெண்ணுக்கு முகம் உண்டு என்று மட்டும் சொல்லியனுப்பினார். ரோபோ எழுதினவரிடம் மோட்டார் விஷயத்தைச் சொன்னேன். "நாறும்னு எழுதுனா யாருங்க வாங்குவாங்க?" என்கிறார். அப்பாவைக் கண்ணில் காட்டு, அவர்தான் எனக்கேற்ற வாசகர்.

மன்னிப்பைப் பற்றிச் சொன்னாயே, அதற்கு மட்டும் ஒரு பதில். சனிக்கிழமைதோறும் நூலகத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் புது வெளியீடுகளைப் படிக்கிறோம். உன்னை மாதிரியே நானும் ஒரு நாள் கேட்டேன், கடைசியில் இப்படி எல்லோரும் சேர்ந்துவிடுவது போலியாக இல்லையா என்று. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்ல யாரும் யாரையும் மன்னிக்கிறதில்ல மிஸ். அது எப்படி இருக்கும்னு பாக்கத்தான் படிக்கிறேன்." வாயை மூடிக்கொண்டேன். நீயும் மூடிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஏழாவது கட்டுதான் இந்தப் பருவத்தின் முக்கியமான வெளியீடு. எழுதினவருக்கு இது முதல் புத்தகம், பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்கிறார். கதை ஒரு பள்ளிக்கூடப் பட்டறையில் நடக்கிறது. மெஷின், மோட்டார் என்று வந்தால் விஷயம் தெரிந்த ஒருவர் படித்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் ஆபீசில் அச்சுக்கு விடுவார்கள். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு கட்டம்தான். மார்ச் பத்தாம் தேதி அச்சுக்குப் போக வேண்டும்.

திட்டிக்கொண்டே படி. ஆனால் கடைசி வரை படி. அவசரப்பட்டு நடுவில் தூக்கிப் போட்டுவிடாதே. இது உன் அக்கா கேட்கிறாள்.

அம்மாவைக் கால் வலிக்கு வைத்தியரிடம் கூட்டிப்போனாயா?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

முதல் புத்தகமாம். பெயர் தெரிய வேண்டாமாம்.

மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. "பல் தேய்க்கும்போதுகூட யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பவன்" என்று ஒரு பையனை எழுதியிருக்கிறாயே, அந்த வாக்கியத்தை நீ என்னைப் பற்றி இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவனோடு ஒரு நெட்டையான சிநேகிதன். சட்டைப் பையில் இரும்பு ஸ்கேல், எந்த நேரமும் மூக்கால் ஒரு பாட்டு. நெட்டைக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தாயா?

இடைவேளையில் அனுமதி இல்லாமல் இரண்டு பையன்கள் பட்டறைக்குள் போகிறார்கள். டிரில்லிங் மெஷின். கரண்ட் போகிறது. நெட்டை மெஷினுக்குள் கையை விட்டு, துளையிட்டதில் சேர்ந்த இரும்புச் சுருளை எடுக்கிறான். கரண்ட் வருகிறது, மெஷின் தானாக ஓடுகிறது, வலது கையில் இரண்டு விரல் போகிறது. 'இவன் கவனக்குறைவு' என்று பள்ளிக்கூடம் எழுதி, நெட்டையைத் தொழிற்பிரிவிலிருந்து எடுத்துவிடுகிறது. பக்கத்தில் இருந்த இன்னொருவன், "நான் ஒண்ணும் பாக்கல சார்" என்கிறான்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். "சொல்லிடவா அக்கா, சொல்லிடவா" என்று நான் கேட்டதைக்கூட விடவில்லை நீ. எழுபத்தெட்டாம் பக்கம், மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. அழகாக இருக்கிறது. அச்சுப் பிழைகூட இல்லை.

அப்புறம் அந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். பையன் பள்ளிக்கூடமே கூடியிருக்கும்போது எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான். கட்டுப்போட்ட கையோடு நெட்டை நடந்து வருகிறான், கட்டிப்பிடிக்கிறான், சிரிக்கிறான். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அக்கா, அவன் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. அவனுக்குக் கட்டுப் பிரித்து அவன் பள்ளிக்கூடம் வந்த அன்று நான் வேறு தெரு வழியாகப் போனேன். அந்த வருஷம் முழுக்க வேறு தெரு வழியாகத்தான் போனேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவன் சார்பில் என்னை மன்னிக்க நீ யார்? அவன் முகத்தில் சிரிப்பை ஒட்டிப் பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்கு விற்கிறாய். சீ.

படிவத்தை நிரப்ப மாட்டேன். கட்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

தம்பி


பிப்ரவரி 23

தம்பிக்கு,

கட்டு வந்தது. உடனே உனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபப்படு, ஆனால் முதலில் நான் சொல்வதைக் கேள்.

ஆமாம், எழுதியது நான்தான். முதலிலேயே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும். மற்ற புத்தகங்களுக்கு நடுவில் செருகிவிட்டால், கடைசி வரை படித்து உனக்கே பிடித்துப்போகும் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் திருடியதாகச் சொல்லாதே. பன்னிரண்டு வருஷமாக நீ எந்தச் சிநேகிதனையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. யார் பிறந்தநாளுக்கும் போனதில்லை. அம்மா இதற்கு உன் முன்கோபத்தைக் காரணம் சொல்வாள், எனக்குத்தான் உண்மைக் காரணம் தெரியும். உன்மேல் அப்படி என்னடா தவறு? மெஷின் கெட்டுப்போனது, தானாக ஓடியது. நீ பார்த்தாய், பயந்து வாயை மூடிக்கொண்டாய். பதினைந்து வயதில் அனுமதி இல்லாமல் உள்ளே போன எந்தப் பையனும் அதைத்தான் செய்வான். அந்தப் பையன் வாயைத் திறந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுதிப் பார்த்தேன். உனக்காகத்தான் எழுதினேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். விபத்து நடந்த மறு வாரம் நெட்டையின் அம்மா நம் வீட்டுக்கு வந்தார். நீ டியூஷன் போயிருந்தாய், அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். "உன் தம்பிதான் மெஷினைப் போட்டான்னு என் பையன் சொல்றான்மா. ஒரு தடவை அவனக் கூப்பிடு, நான் கேட்டுக்கிறேன்" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது, சுர்ரென்று வந்தது. "உங்க பையன் பொய் சொல்றான். தன் தப்ப என் தம்பி தலைல கட்டப் பாக்கறான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவர் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றார், கதவிடுக்கில் பார்த்தேன். அப்புறம் போய்விட்டார். உனக்காக நான் அப்படி நின்றவள். அதை நினைத்துக்கொள்.

இப்போதும் முடிவு உன்னுடையதுதான். படிவத்தில் "அச்சுக்குத் தகுதியில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு, நான் புத்தகத்தை நிறுத்திவிடுகிறேன். காரணம் மட்டும் தொழில்நுட்பக் காரணமாக இருக்க வேண்டும். "எனக்குக் குமட்டியது" என்று எழுதினால் எங்கள் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

படிவத்தில் இடம் போதவில்லை. தனித்தாளில் எழுதியிருக்கிறேன், அதோடு சேர்த்துக்கொள்.

பக்கம் 41, வரி 6. டிரில் பிட்டைக் கையால் இறுக்குகிறான் என்கிறாய். கையால் இறுக்க முடியாது, அதற்குச் சாவி உண்டு. சின்னப் பிழை.

பக்கம் 44, வரி 15. இரும்புச் சுருள் 'பூப்போல உதிர்ந்தது'. உதிராது. பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். பிரஷ்ஷால் தள்ள வேண்டும். நெட்டைக்கு அது தெரியும். அன்று பிரஷ் கிடைக்கவில்லை, அதனால்தான் கையை விட்டான்.

பக்கம் 45, வரி 2. 'கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடத் தொடங்கியது.'

இது நடக்காது.

வீட்டில் ஃபேன் அப்படி ஓடும், உனக்கு அதுதான் தெரியும். பட்டறை மெஷின் ஃபேன் இல்லை. கரண்ட் போனதும் அதன் ஸ்டார்ட்டர் விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும். கரண்ட் திரும்ப வந்தாலும் மெஷின் அப்படியே நிற்கும். யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். உள்ளே கை இருக்கிற ஆளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பட்டறையில் அந்த ஸ்டார்ட்டர் ஒழுங்காகத்தான் இருந்தது.

வாத்தியாருக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் நெட்டையிடம், "நீயேதான் இடது கையால அழுத்தியிருப்பே" என்று சொன்னார். அவன் என்னைக் காட்டினான். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். நான் நல்ல மார்க் வாங்குகிற பையன். முடிந்துவிட்டது.

உன்னிடம் வந்தபோது மொத்தத்தையும் சொல்லத்தான் வந்தேன். தொட்டிக்குப் பின்னால் நீ என் தலையில் கை வைத்தாய். கையை எடுத்துவிடுவாய் என்று தோன்றியது. "கரண்ட் வந்ததும் தானா ஓடிடுச்சு" என்றேன். நீ நம்பினாய். அதையே இப்போது வார்த்தை மாறாமல் எழுதி, சரிதானா என்று சரிபார்க்க எனக்கே அனுப்பியிருக்கிறாய்.

விளையாட்டுக்கு அழுத்தினேன். அவனைத் திடுக்கிடவைக்க நினைத்தேன். கையை எடுத்திருப்பான் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

போன மாதம் உன் ஆறு புத்தகத்தையும் பார்த்துக் குமட்டுகிறது என்று எழுதினேன். அதை எழுதிய கை எந்தக் கை என்று இந்த ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆலையில் மெஷினின் கரண்டை நிறுத்திப் பூட்டாமல் உள்ளே கை வைத்ததற்காக ஒரு ஆளை இரண்டு மாதம் முன்பு சஸ்பெண்ட் செய்ய வைத்தேன். பாதுகாப்பு வகுப்பெடுப்பதும் நான்தான்.

அந்த அம்மா வந்தது எனக்குத் தெரியாது. நீ அவர் பையனைப் பொய்யன் ஆக்கியதும் தெரியாது. அவர் சொன்னது நிஜம்.

முடிவு: அச்சுக்குத் தகுதியில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

உன் படிவத்தை முதலாளியிடம் அப்படியே கொடுத்தேன். அவர் நாற்பத்தைந்தாம் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானே, ஸ்டார்ட்டர் பழுதுன்னு ஒரு வரி போட்டா சரியாயிடும்" என்றார். போடலாம். பன்னிரண்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் போட்டுக்கொண்டிருந்த வரிதான் அது. முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். புது வெளியீட்டுப் பட்டியல் ஏற்கனவே அச்சாகியிருந்தது. அதில் இந்தப் புத்தகத்தின் பெயர்மேல் ஒவ்வொரு பிரதியிலும் நானே வெள்ளைத்தாள் ஒட்டினேன். சனிக்கிழமை பிள்ளைகள் கேட்டார்கள், "பட்டறைப் புத்தகம் எங்க மிஸ்?" என்று. எழுதினவளுக்கு என்ன நடந்ததென்றே தெரியவில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டை வீட்டுக்குப் போனேன். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த அம்மா கதவைத் திறந்தார், உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீ அந்தப் பொண்ணுதானே?"

"ஆமாங்க. உங்க பையன் அன்னிக்குச் சொன்னது உண்மைங்க. நான் உங்களப் பேசினது..."

"எனக்குத் தெரியும் அவன் உண்மைதான் சொன்னான்னு. அதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?" என்றார். உட்காரச் சொல்லவில்லை. "அவன் இப்ப வருவான், அவன்கிட்டயே சொல்லு. எனக்கு உள்ள வேலை கெடக்கு." கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவன் இப்போது பஸ் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டரில் இருக்கிறான். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன், கதையையும் கொடுத்தேன். நின்றபடியே கடைசிப் பக்கத்தை எடுத்துப் படித்தான். அப்புறம், "இதுல நான் ஏங்க சிரிக்கிறேன்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

உன் கடிதத்தையும் காட்டினேன். விளையாட்டுக்கு அழுத்தியதாக நீ எழுதிய இடத்தில் அவன் விரலை வைத்தான். "அதுக்கு முன்னாடி நான் அவன்கிட்ட ஒண்ணு சொன்னேன். அது கேட்டுச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றான். "என்ன சொன்னே?" என்று அவனிடம் கேட்டேன். "அவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அவன் உன்னிடம் எதுவும் சொன்னதாக அதில் இல்லை.

அது என்னவென்று என்னிடம் சொல்லாதே. உன் கதையை நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன், மூன்றாம் முறை நம்ப எனக்குத் தெம்பில்லை. அவன் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதுவதாக இருந்தால் அங்கே எழுது. எனக்கு இப்போதைக்கு எழுத வேண்டாம். அம்மா கேட்டால், நான் வேலையாக இருக்கிறேன் என்று சொல்.

அக்கா


மார்ச் 19

நெட்டை,

பள்ளிக்கூடத்துக்கு இன்று எழுதியிருக்கிறேன். பொத்தானை அழுத்தியது நான், கவனக்குறைவு உன்னுடையதல்ல என்று. அதன் நகல் இதோடு இருக்கிறது. அதனால் உனக்கு இப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. பதில் போட வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில்.

"இருடா, கை உள்ள இருக்கு" என்றாய்.

எனக்குக் கேட்டது.